டிசம்பர் 31-இல் முடிக்க வேண்டிய தண்ணீர்க் கணக்கு

2019 ஜூன் மாதத்தைச் சென்னைவாசிகள் யாரும் எளிதில் மறந்திருக்க முடியாது. பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கு ஏரிகளிலும் தண்ணீர் ஏறக்குறைய தீர்ந்துபோனது. குடிநீர் வாரியமான மெட்ரோ வாட்டர் வழக்கமாக நாள்தோறும் கொடுத்துவந்த 83 கோடி லிட்டர், 52.5 கோடியாகச் சுருங்கியது. தெருமுனைகளில் பிளாஸ்டிக் குடங்கள் வரிசை கட்டின. லாரி எப்போது வரும் என்று தெரியாமல், வேலையை விட்டுவிட்டுப் பெண்கள் காத்துக் கிடந்தார்கள். சின்ன மெஸ்கள் மதியச் சாப்பாட்டைக் குறைத்தன. பழைய மகாபலிபுரம் சாலையில் சில மென்பொருள் நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லின. ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்து சேர்ந்தது. அந்த ஆண்டைப் பற்றிப் பேச்செடுத்தால் இந்தக் காட்சிகள்தான் கண்முன் வருகின்றன. ஆனால், ஜூனில் நாம் பார்த்த தட்டுப்பாடு அந்த ஆண்டின் புத்தாண்டு தினத்தன்றே கணக்கில் எழுதப்பட்டுவிட்டது. அதை அன்றைக்கே படித்து ஊருக்குச் சொல்லியிருக்க முடியும். ஒரு கடினமான ஆண்டைத் திரும்பிப் பார்க்கும்போது நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, அது எப்போது தொடங்கியது என்பதே.

சென்னையின் தண்ணீர் ஆண்டு எங்கே முடிகிறது என்று பார்த்தால் இது விளங்கும். நகரத்தில் ஓர் ஆண்டில் சராசரியாகச் சுமார் 1,400 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிடுகிறது. கோடையிலும் தென்மேற்குப் பருவக் காலத்திலும் மாலை நேர இடிமழை உண்டுதான். அதைக் காய்ந்த மண் குடித்துவிடும், ஏரிக்கு வந்து சேர்வது சொற்பம். ஆக, சம்பா அறுவடை முடிந்ததும் குதிரில் எவ்வளவு நெல் சேர்ந்திருக்கிறது, அடுத்த அறுவடை வரை எத்தனை வாய்க்கு அது தாங்கும் என்று ஒரு குடும்பம் கணக்குப் போடுவதைப் போல, சென்னை தன் தண்ணீரை எண்ணிப் பார்க்க வேண்டிய நாள் டிசம்பர் 31. நாட்காட்டி ஆண்டும் நீர் ஆண்டும் ஒரே நாளில் முடியும் வாய்ப்பு எல்லா ஊருக்கும் அமைவதில்லை. நமக்கு அமைந்திருக்கிறது, நாம் அதைப் பயன்படுத்தவில்லை.

2018-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதும் 24 சதவீதம் குறைவு. சென்னையில் அது பாதிக்குக் கீழே போய்விட்டது. நான்கு ஏரிகளின் மொத்தக் கொள்ளளவு 11,257 மில்லியன் கன அடி. 2019 பிறந்தபோது அதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. ஐந்தில் ஒரு பங்கு முழுதாக இருந்ததாகவே வைத்துக்கொண்டாலும், ஒரு மில்லியன் கன அடிக்கு 2.83 கோடி லிட்டர் என்ற கணக்கில் சுமார் 6,370 கோடி லிட்டர் தேறும். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியிலும் நெம்மேலியிலும் இருந்த இரண்டு கடல்நீர் ஆலைகள் முழு அளவில் ஓடினால் நாளுக்கு 20 கோடி லிட்டர். காவிரி நீரை நம்பியிருக்கும் வீராணம் ஏரியிலிருந்து, 2004 முதல் குழாயில் வந்துகொண்டிருப்பது நல்ல காலத்தில் 18 கோடி. மீதி 45 கோடி லிட்டரை ஏரிகளிலிருந்து எடுத்தால் இருப்பு 141 நாளில் தீர்ந்துவிடும். ஜனவரி முதல் தேதியிலிருந்து எண்ணினால் மே மூன்றாம் வாரம். வெயிலில் ஆவியாகும் நீரை இன்னும் கழிக்கவே இல்லை. கல்குவாரிகளில் தேங்கிய நீரையும் திருவள்ளூர் மாவட்ட விவசாயக் கிணறுகளின் நீரையும் கொண்டுவந்து அதிகாரிகள் இன்னும் சில வாரங்கள் ஒட்டினார்கள். அந்த உழைப்பைக் குறைத்துச் சொல்லக்கூடாது. ஆனாலும் இந்தக் கணக்கைப் போடப் பெரிய நிபுணத்துவம் தேவையில்லை. ஒரு மளிகைக் கடைக்காரர் போடும் வகுத்தல் கணக்கு இது. அதை ஜனவரியில் பொதுவெளியில் போடாததால் ஐந்து மாத அவகாசத்தை இழந்தோம்.

மழை பொய்த்தால் மனிதர் என்ன செய்ய முடியும் என்ற கேள்வி நியாயமானது. அதற்கு விடை 2018-இல் கிடைக்காது, 2015-க்குப் போக வேண்டும். அந்த நவம்பரில் சென்னையில் ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. டிசம்பர் 1 இரவு செம்பரம்பாக்கத்திலிருந்து நொடிக்கு 29,000 கன அடி நீர் அடையாற்றில் திறந்துவிடப்பட்டது. அந்த வேகம் ஒரு முழு நாள் நீடித்தால் 2,500 மில்லியன் கன அடி, அதாவது நகரத்தின் 85 நாள் குடிநீர், கடலுக்குப் போகும். அடுத்த ஆண்டே நிலைமை தலைகீழானது. 2016-இல் வடகிழக்குப் பருவமழை தமிழகத்தில் 62 சதவீதம் குறைந்தது. டிசம்பர் 12 அன்று வர்தா புயல் மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனதே தவிர, ஏரிகளை நிரப்பவில்லை. வெள்ளமும் வறட்சியும் ஒன்றையொன்று துரத்தும் இந்தச் சுழலில், வெள்ள ஆண்டில் எவ்வளவு நீரை நிலத்தில் நிறுத்தினோம் என்பதுதான் வறண்ட ஆண்டைத் தீர்மானிக்கிறது. செம்பரம்பாக்கத்து நீரைத் திறக்காமலே வைத்திருந்திருக்கலாம் என்று நான் சொல்லவில்லை. நிரம்பித் ததும்பும் ஏரியில், மேலும் மழை வரும் என்று தெரிந்தும் நீரைத் தேக்குவது கரை உடையும் ஆபத்து. அந்த நீர் தங்கியிருக்க வேண்டிய இடங்கள் வேறு.

அந்த இடங்கள் நம்மிடம் இருந்தன. செங்கல்பட்டுச் சீமையை ஏரி மாவட்டம் என்று அழைத்ததற்குக் காரணம் உண்டு. ஓர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே வழிந்து அடுத்த ஏரிக்கும், அது நிரம்பினால் அதற்கடுத்த ஏரிக்கும் நீர் போகும்படி சங்கிலித் தொடராக அமைத்திருந்தார்கள். கோடையில் ஊர் கூடித் தூர்வாரி, கரையை உயர்த்தி, மதகைச் சரிபார்க்கும் குடிமராமத்து, வரப்போகும் ஆண்டுக்கான முன்னேற்பாடுதான். அதே பெயரில் 2017-இல் தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியதும் இந்த நினைவால்தான். 2011-இல் சென்னை மாநகராட்சி 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 சதுர கிலோமீட்டராக விரிந்தபோது, இந்தச் சங்கிலியின் பல கண்ணிகள் நகருக்குள் வந்தன. வாய்க்கால்கள் தெருக்களாயின, கலங்கல்களுக்குக் கீழே மனைகள் விற்றன. தெற்கே பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் மழைக்காலத்தில் நீரை வாங்கி வைத்துக்கொண்டு மெல்ல விடும் பெரும் பஞ்சுபோல இருந்தது. குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் சாலைகளும் அதைத் தின்றுவிட்டன. எஞ்சியதைக் காக்கும் முயற்சியில் 2022-இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் அதற்கு இடம் கிடைத்தது. இந்த இழப்புகளில் எதுவும் 2019-இல் நடந்ததல்ல. எல்லாம் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளில், யாருக்கும் தாகம் இல்லாத நாட்களில் நடந்தவை. அதனால்தான் அவை உறுத்தவில்லை.

வேதனை தரும் நினைவு ஒரு நகரத்தை மாற்றும் என்பதற்கும் சான்று இருக்கிறது. நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த கடும் தட்டுப்பாட்டுக்குப் பிறகு, 2003-இல் எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கி, காலக்கெடுவும் விதித்தது தமிழக அரசு. அடுத்த சில ஆண்டுகளில் நகரத்துக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. பல இடங்களில் உவர்ப்பும் குறைந்தது. ஆனால் மொட்டைமாடிக் குழாயை மண்ணுக்குள் இறக்கிவிட்டால் வேலை முடிவதில்லை. வடிகட்டியில் அடைந்த மண்ணை ஒவ்வொரு மழைக்கு முன்னும் அள்ள வேண்டும். மழை நன்றாக இருந்த வருடங்களில் அது மறந்துபோனது. 2019-இல் பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் தங்கள் உறைகிணறு எங்கே இருக்கிறது என்று தேட ஆரம்பித்தன. அந்த ஆண்டின் இறுதியில் மழை பெய்தது, ரயிலும் நின்றது. 2020 நவம்பரில் 500 மில்லியன் கன அடி கொள்ளளவுடன் தேர்வாய் கண்டிகை ஐந்தாவது நீர்த்தேக்கமாகச் சேர்ந்தது. 2021 நவம்பரில் நகரம் மீண்டும் மிதந்தது, 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தது. பேச்சு முழுவதும் மழைநீர் வடிகால் பக்கம் திரும்பியது. வடிகால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? முழங்கால் நீரில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நிற்பவரிடம் நிலத்தடி நீரைப் பற்றிப் பேச முடியாது. ஆயினும் வடிகால் மிக வேகமாகக் கடலுக்குக் கொண்டுபோகும் அந்த நீரும், இன்னொரு ஜூனில் நாம் குடத்தோடு தேடப்போகும் நீரும் ஒன்றே என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் ஒரே மேசையில் உட்கார்ந்து பார்த்தாக வேண்டும்.

இவ்வளவு கவலை எதற்கு, கடல் இருக்கிறதே என்பது எதிர்வாதங்களில் வலுவானது. 2024 பிப்ரவரியில் நெம்மேலியில் நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் தரும் இன்னோர் ஆலை திறக்கப்பட்டது. பேரூரில் 40 கோடி லிட்டர் ஆலைக்கு 2023-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. பழைய இரண்டோடு சேர்த்து நான்கும் முழுதாக ஓடினால் 75 கோடி லிட்டர். 2019-க்கு முன் நகரம் பெற்றுவந்த அளவை நெருங்கிவிடும். மழையை நம்பாத இந்த நீர் பெரிய பாதுகாப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஆயிரம் லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க மூன்று முதல் நான்கு யூனிட் மின்சாரம் தேவை. 75 கோடி லிட்டருக்குத் தினமும் 22 லட்சம் முதல் 30 லட்சம் யூனிட் வரை ஆகும். வெளியேறும் அடர்உப்பு நீர் கரையோர மீன்பாட்டை என்ன செய்யும் என்று மீனவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. ஆலையின் நீர் குழாய் போகும் இடத்துக்குத்தான் போகும். விரிந்த நகரத்தின் ஓரங்களில் குழாய் எட்டாத தெருக்கள் போர் தண்ணீரையும் லாரித் தண்ணீரையும் நம்பி வாழ்கின்றன. நிலத்தடி நீர் இறங்கினால் முதலில் அடிபடுவது அங்கே வாழ்பவர்கள்தாம்.

ஜனவரியிலேயே தட்டுப்பாடு வரும் என்று அறிவித்தால் பீதி கிளம்பும், லாரிக்காரர்கள் விலையை ஏற்றுவார்கள் என்று சிலர் தயங்குவதும் புரிகிறது. ஆனால் ஜூனில் பீதி கிளம்பாமலா இருந்தது? விலை ஏறாமலா இருந்தது? தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகரம் 2018 தொடக்கத்தில் குழாய்கள் மூடப்படப்போகும் நாளைத் தேதி குறித்து மக்களிடம் சொன்னது. ஆளுக்கு நாளொன்றுக்கு 50 லிட்டர் என்று வரம்பு வைத்தது, அணைகளின் இருப்பை வாரந்தோறும் வெளியிட்டது. வறட்சிக்கு முந்தைய அளவில் பாதியாக நுகர்வு இறங்கியது. அந்த நாள் வரவேயில்லை. அங்கேயும் ஏழைகள் பட்ட பாடு அதிகம், அதை மறைக்க வேண்டாம். சென்னையில் ஏரி இருப்பு அன்றாடம் வெளியாகிறது, அது நல்ல வழக்கம். நமக்குத் தெரியாதது மறுபக்கத்துச் செலவு. பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் இல்லை. நிலத்தடி நீரை ஒழுங்குபடுத்த 1987-இலேயே சட்டம் வந்தும், தனியார் லாரிகள் ஒரு நாளில் எந்த ஊர்க் கிணற்றிலிருந்து எவ்வளவு உறிஞ்சி வருகின்றன என்ற கணக்கு பொதுமக்கள் பார்வைக்கு வருவதில்லை. வரவு மட்டும் எழுதிய கணக்கை வைத்துக்கொண்டு எந்தக் குடும்பமும் அடுத்த மாதத்தைத் திட்டமிட முடியாது.

அப்படியானால் ஆண்டுக் கடைசியில் நகரம் வெளியிட வேண்டிய கணக்கில் என்ன இருக்க வேண்டும்? ஏரிகளில் உள்ள இருப்பு எத்தனை நாள் தாங்கும் என்று தேதியாகவே சொல்ல வேண்டும். மில்லியன் கன அடி என்றால் பலருக்கும் எட்டாது. ஒவ்வொரு வார்டிலும் கண்காணிப்புக் கிணற்றின் மட்டம் சென்ற டிசம்பரைவிட எத்தனை அடி ஏறியது, இறங்கியது என்று இருக்க வேண்டும். அந்தப் பருவத்தில் எந்தெந்த ஏரியின் கலங்கல் எத்தனை நாள் வழிந்தது, அந்த நீர் எங்கே போனது என்பதும் இருக்க வேண்டும். இருப்பு எந்த அளவுக்குக் கீழே போனால் யாருக்கு எவ்வளவு குறைப்பு என்பதை முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும்; தெருக்குழாயை நம்பியிருப்பவரின் பங்கு கடைசியாகத்தான் குறைய வேண்டும், நீச்சல் குளத்தின் பங்கு முதலில். நகரத்துக்காக நீர் இறைக்கப்படும் கிராமங்களின் கிணற்று மட்டமும் இதே தாளில் வர வேண்டும். ஜோலார்பேட்டை ரயிலுக்கு அன்றைய வேலூர் மாவட்டத்தில் எதிர்ப்பு எழுந்தபோது அதைச் சிலர் கல்நெஞ்சம் என்றார்கள். தங்கள் நீர் எவ்வளவு போகிறது, தங்களுக்கு எவ்வளவு மிஞ்சும் என்ற எண்ணைக் கண்ணால் பார்க்காதவர்கள் பயப்படுவது இயல்பு. நான்கு நடையாகத் தினமும் ஒரு கோடி லிட்டர் கொண்டுவருவதுதான் அந்தத் திட்டம், நகரத்தின் வழக்கமான தேவையில் எண்பதில் ஒரு பங்குதான். அந்த ஒரு கோடி லிட்டருக்காகக் குழாய் போட்டு, 65 கோடி ரூபாய் ஒதுக்க வேண்டியிருந்தது. அதே தொகை ஐந்து மாதம் முன்னால், அல்லது மழை கொட்டிய ஒரு நவம்பருக்கு முன்னால், புறநகர் ஏரிகளின் வரத்து வாய்க்கால்களில் போயிருந்தால் எத்தனை குடங்கள் நிரம்பியிருக்கும் என்பதை யாராவது கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். அதற்கான நேரம் தெருவெல்லாம் ஈரமாக இருக்கும் மழை மாதங்கள்தான்.