எல்லோரும் விடுதலை என்றால் கொலை செய்தது யார்?

2013 நவம்பர் 27 அன்று புதுச்சேரி நீதிமன்றம் சங்கரராமன் கொலை வழக்கில் 23 பேரையும் விடுதலை செய்தது. எங்கள் காஞ்சிபுரத்தில் அன்றிலிருந்து இன்று வரை டீக்கடையிலும் தறிக்கூடத்திலும் ஒரே கேள்விதான்: "அப்போ அந்த மனுஷனைக் கொன்னது யாரு?"

கேள்வி நியாயமானது. ஆனால் நீதிமன்றத்தின் முன் இருந்த கேள்வி வேறு. இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் உள்ள இடைவெளியில்தான் குற்றவியல் சட்டத்தின் அடிப்படைகள் எல்லாம் இருக்கின்றன. அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்ப்போம்.

முதலில் நடந்தது என்ன?

சங்கரராமன் சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலின் மேலாளர். 2004 செப்டம்பர் 3 அன்று கோயில் வளாகத்தில் இருந்த தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். பெரிய காஞ்சிபுரத்தில் உள்ள சங்கர மடத்தின் நிர்வாகத்தை விமர்சித்து அவர் புனைபெயரில் கடிதங்கள் எழுதி வந்தார், அதுவே கொலைக்கான நோக்கம் என்றது போலீஸ். அந்த ஆண்டு நவம்பரில் தீபாவளி சமயத்தில் மடாதிபதி ஜெயேந்திர சரஸ்வதி ஆந்திராவின் மகபூப்நகரில் கைது செய்யப்பட்டார். 2005 ஜனவரியில் விஜயேந்திர சரஸ்வதியும் கைதானார். மொத்தம் 24 பேர் மீது வழக்கு. தமிழ்நாட்டில் நியாயமான விசாரணை கிடைக்காது என்ற மனுவை ஏற்று, 2005 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் வழக்கைப் புதுச்சேரிக்கு மாற்றியது. தீர்ப்பு வரும் முன்பே குற்றம் சாட்டப்பட்டவர்களில் ஒருவர் கொல்லப்பட்டார். மீதி 23 பேர்.

செயல் மட்டும் குற்றம் ஆகாது

குற்றம் என்றால் இரண்டு பாகம்: ஒரு செயல், அதோடு ஒரு மனநிலை. காஞ்சிபுரத்துக்காரர்களுக்கு இதை ஜரிகையை வைத்தே விளக்கிவிடலாம்.

கடை அலமாரியிலிருந்து ஜரிகைக் கட்டை ஒருவர் யாருக்கும் தெரியாமல் எடுத்துப் போகிறார். அது திருட்டு. முதலாளி நம்பிக்கையோடு நெய்யக் கொடுத்த ஜரிகையைக் கூலி நெசவாளர் வெளியில் விற்றுவிடுகிறார். அது திருட்டு ஆகாது, ஏனென்றால் பொருள் அவர் கைக்கு முறையாகத்தான் வந்தது. அதற்குப் பெயர் நம்பிக்கை மோசடி, சட்டப் பிரிவே வேறு. தன் கட்டு என்று நினைத்து அடுத்தவர் கட்டை மாற்றி எடுத்து வந்தால் குற்றமே இல்லை. சொன்ன தேதிக்குச் சேலை நெய்து தராவிட்டால் அது சிவில் தகராறு, போலீஸுக்கு அங்கே வேலை இல்லை. நாலு சம்பவத்திலும் நஷ்டப்பட்டவருக்குக் கோபம் ஒன்றுதான். சட்டம் பார்ப்பது எதிராளியின் மனதில் என்ன இருந்தது, பொருள் எப்படிக் கைக்கு வந்தது என்பதை.

உயிர் போன விஷயத்திலும் இப்படித்தான். அப்போது நடைமுறையில் இருந்த இந்திய தண்டனைச் சட்டம் ஒரு மரணத்தை மூன்று படியாகப் பிரித்தது. கவனக்குறைவால் நேர்ந்த மரணம் (304ஏ) என்றால் அதிகபட்சம் 2 ஆண்டு. கொலை ஆகாத மரணம் விளைவித்தல் (304) என்றால் 10 ஆண்டு வரை, சில சமயம் ஆயுள். கொலை (302) என்றால் ஆயுள் அல்லது தூக்கு. செத்தவர் செத்தவர்தான். ஆனால் செய்தவரின் மனதுக்கு ஏற்றபடி தண்டனை மாறுகிறது. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா வந்து பிரிவு எண்கள் மாறிவிட்டன, சில தண்டனைகளும் கூடின. இந்த அடிப்படை மாறவில்லை.

இன்னொரு வகைப்பாடும் முக்கியம். சில குற்றங்களில் இரண்டு தரப்பும் சமரசம் செய்துகொள்ளலாம். கொலையில் அது முடியாது. அது ஒரு குடும்பத்துக்கு எதிரான குற்றமாக மட்டும் பார்க்கப்படுவதில்லை. வழக்கை நடத்துவது அரசு. இறந்தவரின் மனைவியும் பிள்ளைகளும் அந்த வழக்கில் சாட்சிகள், அவ்வளவுதான். இது பின்னால் வரப்போகும் விஷயத்துக்குத் தேவை, ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சதியை எப்படி நிரூபிப்பது?

கோயில் அலுவலகத்தில் நடந்தது கொலைதான் என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. வெட்டியது யார், சொல்லி வெட்டினார்களா, சொன்னது யார் என்பதுதான் வழக்கு. சம்பவ இடத்திலேயே இல்லாத ஒருவரைக் கொலை வழக்கில் சேர்க்க வேண்டுமானால் கூட்டுச்சதி (120பி) நிரூபிக்கப்பட வேண்டும். ஒப்பந்தம் பேசியதற்கு யாரும் பத்திரம் எழுதி வைப்பதில்லை. அதனால் பணம் கைமாறியது, சந்தித்தது, பேசியது என்று துண்டு துண்டாகச் சேர்த்துச் சங்கிலி போட வேண்டும். ஒரு கண்ணி விட்டுப்போனாலும் சங்கிலி நிற்காது.

"போலீஸ்ல எல்லாம் ஒத்துக்கிட்டாங்களே" என்று பலர் கேட்பார்கள். போலீஸ் அதிகாரியிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தை, கொடுத்தவருக்கு எதிராகவே நிரூபிக்க முடியாது. அடித்து வாங்கியதா, தானே சொன்னதா என்று கண்டுபிடிக்க வழியில்லை என்பதால் 19ஆம் நூற்றாண்டிலேயே போட்ட பூட்டு அது. மாஜிஸ்திரேட் முன்னால் கொடுத்த ஒப்புதலாக இருந்தாலும், அதைக் கொண்டு கூட்டாளியைத் தண்டிக்க முடியாது. வேறு சாட்சியம் இருந்தால் அதற்குத் துணையாக வைத்துக்கொள்ளலாம். 2005 ஜனவரியில் ஜெயேந்திரருக்கு ஜாமீன் கொடுத்தபோது உச்ச நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: அந்தக் கட்டத்தில், ஒப்புதல் வாக்குமூலங்களைத் தாண்டி உருப்படியான ஆதாரம் எதுவும் எங்கள் முன் வைக்கப்படவில்லை.

83 பேர்

விசாரணையில் 189 சாட்சிகள் கூண்டில் ஏறினார்கள். அதில் 83 பேர் பிறழ்சாட்சி ஆனார்கள். அரசுத் தரப்பு பெரிதும் நம்பியிருந்த அப்ரூவரும் அதில் ஒருவர். இறந்தவரின் குடும்பத்தாரே நீதிமன்றத்தில் அரசுத் தரப்பு எதிர்பார்த்தபடி அடையாளம் காட்டவில்லை.

இங்கே ஒரு தவறான புரிதல் உண்டு. பிறழ்சாட்சி என்றால் பொய்சாட்சி என்று அர்த்தம் இல்லை. போலீஸிடம் சொன்னதாக எழுதப்பட்டதை நீதிமன்றத்தில் சொல்லாதவர், அவ்வளவே. பயந்து மாறியிருக்கலாம், பணத்துக்காக மாறியிருக்கலாம். போலீஸ் எழுதியதே அவர் சொல்லாததாகவும் இருக்கலாம். 83 பேரில் யார் எந்த ரகம் என்று வெளியிலிருந்து சொல்ல யாராலும் முடியாது. கூண்டில் ஏறி, சத்தியம் செய்து, குறுக்கு விசாரணைக்கு உட்பட்டுச் சொல்வதுதான் சாட்சியம். போலீஸ் டைரியில் இருப்பது சாட்சியம் ஆகாது. நோக்கமும் சதியும் நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பு வந்ததற்குக் காரணம் இந்த வெற்றிடம்.

ஏன் இவ்வளவு கடுமையான அளவுகோல்?

சிவில் வழக்கில் எந்தப் பக்கம் தராசு கொஞ்சம் சாய்கிறதோ அந்தப் பக்கம் தீர்ப்பு. குற்ற வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்க வேண்டும், அதுவும் அரசுதான் நிரூபிக்க வேண்டும். காரணம் தண்டனையின் தன்மை. தப்பாகக் கொடுத்த நிலத்தை மேல்முறையீட்டில் திருப்பி வாங்கலாம். தூக்கில் போட்டவரைத் திருப்பி வாங்க முடியாது, சிறையில் போன இருபது வருஷத்தையும்தான். ஒரு பக்கம் போலீஸ், தடயவியல் கூடம், கஜானா. இன்னொரு பக்கம் தனி மனிதர். அதனால்தான் சந்தேகத்தின் பலன் பலவீனமான பக்கத்துக்கு.

ஆகவே விடுதலையானவரை "தப்பிச்சிட்டார்" என்று சொல்வது சட்டப்படி தவறு. நிரூபிக்கும் வரை நிரபராதி என்பது முதல் அனுமானம். விடுதலைத் தீர்ப்பு அதை இரட்டிப்பாக்குகிறது என்று 2007இல் சந்திரப்பா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. இது மடாதிபதிக்கும் பொருந்தும், அதே வழக்கில் பெயர் தெரியாமல் ஒன்பது வருஷம் கோர்ட்டுக்கு நடந்த மற்றவர்களுக்கும் பொருந்தும்.

மிச்சம் இருப்பது

ஆயிரம் குற்றவாளிகள் தப்பலாம், ஒரு நிரபராதி தண்டிக்கப்படக் கூடாது என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். அந்த ஆயிரத்துக்கான விலையை யார் கொடுக்கிறார்கள்? சங்கரராமனின் குடும்பம் போன்றவர்கள். கொலை நடந்தது, ஆனால் சட்டத்தின் பார்வையில் இன்று வரை கொலையாளி இல்லை. அளவுகோலைத் தளர்த்தினால் இந்த விலை குறையாது, வேறொரு குடும்பத்தின் தலையில் ஏறும்.

குறைக்க வேண்டுமானால் வேலை வேறு இடத்தில் இருக்கிறது. வாக்குமூலத்தை நம்பி வழக்கைக் கட்டாமல் தடயத்தை நம்பிக் கட்டும் புலனாய்வு. சாட்சி மனம் மாறுவதற்கு முன்பே முடியும் விசாரணை. இந்த வழக்கில் தீர்ப்புக்கு ஒன்பது வருஷம் ஆனது. சாட்சிகளுக்குப் பாதுகாப்பு. இதற்கான திட்டத்தை 2018இல்தான் உச்ச நீதிமன்றம் ஏற்று, நாடு முழுவதும் சட்டம் போலவே அமல்படுத்தச் சொன்னது. அப்போது இந்த வழக்கு முடிந்து ஐந்து வருஷம் ஆகிவிட்டது.

அடுத்த முறை ஏதாவது ஒரு வழக்கில் "எல்லோரும் விடுதலை" என்று செய்தி வந்தால், நீதிபதியைத் திட்டுவதற்கு முன்னால் ஒரு எண்ணைத் தேடிப் பாருங்கள்: எத்தனை சாட்சிகள், அதில் எத்தனை பேர் பிறழ்ந்தார்கள். பெரும்பாலும் தீர்ப்பு அந்த எண்ணிலேயே எழுதப்பட்டிருக்கும்.