தொலைதூரத்தில் ஒரு வாடகை வீடு: கனவும் கணக்கும்

புது தில்லி: குடியிருக்க சொந்த ஊரில் ஒரு வீடு, வருமானத்துக்காக வெளிமாநிலத்தில் இன்னொரு வீடு என்பது கடந்த இருபது ஆண்டுகளில் நடுத்தர வர்க்கத்தின் புதிய சேமிப்பு முறையாக வளர்ந்திருக்கிறது. அந்தச் சேமிப்பு பெருமளவில் வந்து குவிந்த இடங்களுள் ஒன்று தேசியத் தலைநகர்ப் பகுதி. நொய்டா, கிரேட்டர் நொய்டா, குர்கான் எனப்படும் குருகிராம் ஆகிய இடங்களில் எழுந்து நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் உரிமையாளர்களில் பலர் அங்கு வசிப்பதில்லை. தில்லியில் பணிபுரிந்தபோது வாங்கிவிட்டு, மாற்றலாகியோ ஓய்வு பெற்றோ ஊர் திரும்பிய மத்திய அரசு ஊழியர்களும் ராணுவத்தினரும் அவர்களில் அடக்கம். தமிழகத்தைச் சேர்ந்தவர்களும் இதற்கு விலக்கல்ல.

இவர்களின் எதிர்பார்ப்பு எளிமையானது. வீட்டுக் கடனின் தவணையை வாடகை அடைத்துவிடும்; இருபது ஆண்டுகளில் வீடு சொந்தமாகிவிடும். ஆனால், நடைமுறை அவ்வளவு எளிமையாக இல்லை.

வாடகை தரும் வருவாய்: இந்தியாவின் பெருநகரங்களில் குடியிருப்பு வாடகை, வீட்டு விலையில் ஆண்டுக்குப் பொதுவாக 2 முதல் 4 சதவீதம்தான். வீட்டுக் கடன் வட்டியோ பெரும்பாலும் 8 சதவீதத்தை ஒட்டியும் அதற்கு மேலும் இருந்து வந்திருக்கிறது. ரூ. 80 லட்சம் மதிப்புள்ள வீட்டுக்கு மாதம் ரூ. 20,000 வாடகை என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ரூ. 2.40 லட்சம், அதாவது 3 சதவீதம். குடித்தனக்காரர் மாறும்போது ஒரு மாதம் வீடு காலியாக இருந்தால் ரூ. 20,000 போய்விடும். தரகருக்கு ஒரு மாத வாடகை. வெள்ளையடிப்பு, குழாய், மின் பழுது ஆகியவற்றுக்கு ரூ. 20,000. நேரில் பார்வையிட இரு முறை வந்து போனால் ரூ. 30,000. எஞ்சுவது ரூ. 1.50 லட்சம். போட்ட பணத்தில் இது 2 சதவீதம்கூட இல்லை. உள்ளூர்க்காரர் தவிர்க்கக்கூடிய செலவுகளை வெளியூர்க்காரரால் தவிர்க்க முடியாது என்பதே இதில் முக்கியம்.

வருமான வரிச் சலுகையும் முன்புபோல் இல்லை. வாடகைக்கு விட்ட வீட்டின் கடன் வட்டி முழுவதையும் மற்ற வருமானத்தில் கழித்துக்கொள்ளும் வசதி, 2017-ஆம் ஆண்டு நிதிச் சட்டத்தால் ஆண்டுக்கு ரூ. 2 லட்சம் என்ற வரம்புக்குள் கொண்டுவரப்பட்டது.

வராத வீடுகள்: வாடகை குறைவு என்பது வீடு கைக்கு வந்தவர்களின் கவலை. வீடே வராதவர்களின் நிலை வேறு. முடங்கிய கட்டுமானத் திட்டங்களை ஆராய்ந்த அமிதாப் காந்த் தலைமையிலான குழு 2023-இல் அளித்த அறிக்கை, நாடு முழுவதும் சுமார் 4.12 லட்சம் வீடுகள் சிக்கலில் இருப்பதாகவும், அவற்றில் சுமார் 2.40 லட்சம் வீடுகள் தேசியத் தலைநகர்ப் பகுதியில் உள்ளதாகவும் குறிப்பிட்டது. ஆம்ரபாலி நிறுவன வழக்கில் 2019 ஜூலை 23-இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், வீடு வாங்கியோரின் பணம் வேறு வழிகளில் திருப்பிவிடப்பட்டதைச் சுட்டிக்காட்டி, அந்நிறுவனத்தின் பதிவை ரத்து செய்தது. எஞ்சிய பணிகளை மத்திய அரசு நிறுவனமான என்.பி.சி.சி.யிடம் ஒப்படைத்தது. பாதிக்கப்பட்டவர்கள் 42 ஆயிரத்துக்கும் அதிகமானோர்.

கட்டுமானம் நடக்கிறதா என்பதை வாரந்தோறும் சென்று பார்க்க முடிந்தவர்களே ஏமாந்த இடத்தில், ஆயிரம் கிலோ மீட்டருக்கு அப்பால் இருந்து வண்ணப் பிரசுரத்தை மட்டும் நம்பியவர்களின் கதியை விவரிக்கத் தேவையில்லை.

நொய்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. அங்கு நிலம் விற்கப்படுவதில்லை; வளர்ச்சி ஆணையம் நீண்டகாலக் குத்தகைக்கே வழங்குகிறது. கட்டுமான நிறுவனம் ஆணையத்துக்குச் செலுத்த வேண்டிய பாக்கியை வைத்திருந்தால், முழு விலையையும் கொடுத்தவருக்கும் பத்திரப் பதிவு நடக்காது. ஆயிரக்கணக்கானோர் பதிவு இல்லாமலேயே குடியேற நேர்ந்தது. 25 சதவீத பாக்கியைச் செலுத்தும் நிறுவனங்களுக்குப் பதிவை அனுமதிக்கும் திட்டத்தை உத்தரப் பிரதேச அரசு 2023 டிசம்பரில் கொண்டு வந்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட நகராட்சி இல்லாமல், ஆணைய நிர்வாகத்திலேயே வளர்ந்த நகரம் நொய்டா. முறையிட ஒரு மாமன்ற உறுப்பினர்கூட இல்லாத ஊரில், அங்கு வாக்கும் இல்லாத வெளிமாநில உரிமையாளரின் குரல் யார் காதில் விழும்?

முதலீட்டாளரா, குடியிருப்பவரா?: 2018-இல் திவால் சட்டம் திருத்தப்பட்டு, வீடு வாங்கியோருக்கும் நிதிக் கடனாளர் என்ற தகுதி கிடைத்தது. ஆனால், 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு ஒரு கோடு கிழித்தது. உறுதியளிக்கப்பட்ட லாபத்துக்காகவும் திரும்ப வாங்கிக்கொள்ளும் ஒப்பந்தத்துக்காகவும் பணம் போட்ட ஊக முதலீட்டாளர்கள், திவால் நடவடிக்கையைத் தொடங்கக் கோர முடியாது என்றது அத்தீர்ப்பு. தலைக்கு மேல் கூரை தேடியவரையும் லாபம் தேடியவரையும் சட்டம் ஒரே தட்டில் வைக்காது என்பதே அதன் பொருள். "மாதந்தோறும் நிச்சய வருமானம்" என்ற விளம்பரத்தை நம்புவோர் இதை மனதில் கொள்ள வேண்டும்.

மாநிலத்துக்கு ஒரு சட்டம்: வாடகை உறவுகள் அரசியல் சாசனப்படி மாநிலப் பட்டியலில் உள்ளவை. எனவே, ஊர் மாறினால் சட்டமும் மாறும். தில்லியில் 1958-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம், ரூ. 3,500 வரையிலான மாத வாடகைக்கு இன்றும் பொருந்துகிறது. அதற்கு மாற்றாக 1995-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றும், வணிகர்களின் எதிர்ப்பால் நடைமுறைக்கு வரவே இல்லை. மத்திய அமைச்சரவை 2021 ஜூனில் ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்புக்கான முன்பணத்தை இரண்டு மாத வாடகைக்குள் வரையறுக்கிறது. காலம் முடிந்தும் காலி செய்யாதவர் முதல் இரு மாதங்களுக்கு இரு மடங்கும், பின்னர் நான்கு மடங்கும் வாடகை தர வேண்டும் என்கிறது. ஆனால், அதை ஏற்பதும் விடுவதும் மாநிலங்களின் விருப்பம். உத்தரப் பிரதேசம் 2021-இல் தனிச் சட்டம் இயற்றியது. தமிழகத்தின் புதிய வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியிலேயே நடைமுறைக்கு வந்துவிட்டது.

வழக்கு என்று வந்தால், வீடு இருக்கும் ஊரின் நீதிமன்றத்தில்தான் தொடுக்க வேண்டும். ஒவ்வொரு வாய்தாவும் ஒரு ரயில் பயணம் என்ற நிலையில், குடித்தனக்காரர் கேட்பதைக் கொடுத்துச் சமாதானமாகப் போவதே மேல் என்று பலர் முடிவெடுக்கின்றனர்.

கவனிக்க வேண்டியவை: வீட்டைப் பராமரிக்க உள்ளூர் நண்பருக்கோ தரகருக்கோ பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுப்பது பலரின் வழக்கம். அதிகாரப் பத்திரத்தின் மூலம் நடக்கும் விற்பனையால் உரிமை மாறாது என்று உச்ச நீதிமன்றம் 2011 அக்டோபரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆனாலும், முறைகேட்டைச் சரிசெய்ய ஆண்டுகள் ஆகும். வாடகைக்கு விடுதல், வசூலித்தல், பழுது பார்த்தல் ஆகியவற்றுக்கு மட்டுமான சிறப்பு அதிகாரப் பத்திரமே போதுமானது. மனை வணிக ஒழுங்குமுறை ஆணையத்தில் திட்டம் பதிவாகியுள்ளதா, நில உரிமை யாருடையது, ஆணையத்துக்குப் பாக்கி உண்டா என்பதைப் பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டும். வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் செய்து, குடியிருப்பவரின் விவரத்தைக் காவல் நிலையத்தில் பதிவு செய்வதும் அவசியம்.

காலி வீடுகளும் வீடற்றவர்களும்: 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்போது நாட்டின் நகரங்களில் சுமார் 1.10 கோடி வீடுகள் பூட்டிக் கிடந்தன. அடுத்த ஆண்டு மத்திய அரசின் வல்லுநர் குழு கணக்கிட்ட நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறை சுமார் 1.88 கோடி. அதில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் நலிவுற்ற, குறைந்த வருவாய்ப் பிரிவினர். வாடகை கட்டுப்படியாகாது, குடித்தனக்காரர் காலி செய்ய மாட்டார் என்ற அச்சத்தில் ஒருபுறம் வீடுகள் பூட்டப்பட, மறுபுறம் தொழிலாளர்கள் ஓர் அறையில் பலராக நெருக்கியடித்து வாழ்கின்றனர்.

வாடகைச் சட்டம் உரிமையாளருக்கும் குடியிருப்பவருக்கும் ஒருசேரப் பாதுகாப்பளித்தால்தான் இந்தப் பூட்டுகள் திறக்கும். வாடகை நீதிமன்றங்களை மாவட்டந்தோறும் அமைத்து, காணொலி வழி விசாரணைக்கு வழி செய்தால் தொலைவில் இருப்பவரின் அச்சம் பாதி குறையும். அதுவரை, கண்ணுக்கு எட்டாத ஊரில் வாங்கும் வீடு, கைக்கு எட்டாத வருமானமாகவே பலருக்கு இருந்துவரும்.