மனசைப் பண்படுத்த முடியுமா? கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த ஒரு பிஎச்.டி. ஆய்வு

'அவன் நெஞ்சுல ஈரமே இல்லை' என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். இரக்கத்துக்கும் ஈரத்துக்கும் என்ன சம்பந்தம்? கம்பம் பள்ளத்தாக்கில் நடந்த ஒரு முனைவர் பட்ட ஆய்வு இப்படிப்பட்ட வார்த்தைகளைத்தான் துருவிப் பார்த்தது.

ஆய்வாளர் ஆனந்த் பாண்டியன். தமிழ்க் குடும்பம், வளர்ந்தது அமெரிக்காவில். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் மானுடவியல் ஆய்வு மாணவராக இருந்தபோது, 2000-களின் தொடக்கத்தில் இங்கே வந்து தங்கினார். பிறமலைக் கள்ளர் விவசாயிகளோடு பழகி அவர் செய்த ஆய்வு, 2009-ல் 'க்ரூக்கட் ஸ்டாக்ஸ்' என்ற ஆங்கிலப் புத்தகமாக வந்தது.

ஏன் இந்தச் சமூகம்?

குற்றப் பழங்குடிகள் சட்டம். ஊர்ப்பக்கம் 'ரேகைச் சட்டம்' என்றால்தான் புரியும். ஒரு சாதியில் பிறந்தாலே திருடன் என்று முத்திரை குத்தி, கைரேகை எடுத்து, ராத்திரியில் போலீஸ் கண்காணிப்பில் வைத்த பிரிட்டிஷ் சட்டம் அது. 1920 ஏப்ரல் 3-ல் உசிலம்பட்டி அருகே பெருங்காமநல்லூரில் இதை எதிர்த்தவர்கள் மீது போலீஸ் சுட்டதில் 16 பேர் இறந்தார்கள். சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் சட்டம் போனது.

அதே அரசு 'கள்ளர் சீரமைப்பு' என்று பள்ளிக்கூடம், கூட்டுறவுச் சங்கம் எல்லாம் தொடங்கியது. கையில் ஏர் கொடுத்தால் ஆள் திருந்திவிடுவான் என்பது அதிகாரிகளின் கணக்கு.

கம்பம் பள்ளத்தாக்கு கதைக்குள் வருவது தண்ணீரால். 1895-ல் பெரியாறு அணைத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது. இன்றைக்கும் 14,707 ஏக்கர் இருபோகம் விளைகிறது. உசிலம்பட்டி பக்கமோ மானாவாரி பூமி. அங்கிருந்து பல குடும்பங்கள் பள்ளத்தாக்குக்கு இடம்பெயர்ந்தன.

அப்படியானால் அரசு சொன்னபடி 'திருந்தி' விட்டார்களா? அவ்வளவு சுலபமாக முடித்துவிட முடியாது. உழைப்பு, அடக்கம், நாகரிகம் என்று அதிகாரிகள் பாடம் நடத்துவதற்கு வெகுகாலம் முன்பே தமிழில் அந்தப் பேச்சு இருந்தது. 'பண்பாடு', நிலத்தைப் 'பண்படுத்துவது' இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அலையும் மனசு குரங்கு. வினை விதைத்தவன் வினை அறுப்பான். இந்த விவசாயிகள் தங்கள் வாழ்க்கையை எடைபோட்டது பழமொழி, பழைய இலக்கியம், சினிமா என எல்லாவற்றிலிருந்தும் எடுத்த இந்தச் சொற்களைக் கொண்டும்தான். 'திருட்டுச் சாதி' என்ற பழைய முத்திரை உள்ளுக்குள் உறுத்தியதையும் ஆய்வு மறைக்கவில்லை. ஆய்வின் கனமான பகுதியே அதுதான்.

முத்திரை போனாலும் பெயர்ப் பிரச்சினை போகவில்லை. 1979-ல் தமிழக அரசு 'சீர்மரபினர் பழங்குடியினர்' என்பதை 'சீர்மரபினர் வகுப்பினர்' என மாற்றியது. மத்திய அரசுத் திட்டங்களுக்குப் பழைய பெயர் தேவைப்பட்டதால் போராட்டங்கள் நடந்தன. 2019-ல் இரட்டைச் சான்றிதழ் முறை வந்தது. ஒரே ஆளுக்கு மாநில அரசு வேலைக்கு ஒரு பெயர், மத்திய அரசுத் திட்டத்துக்கு இன்னொரு பெயர் என்பதுதான் அப்போது வந்த ஏற்பாடு. கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைப் பள்ளிக்கல்வித் துறையோடு இணைக்கப்போவதாக 2023 பட்ஜெட்டில் அறிவிப்பு வந்தபோது, அதற்கும் இந்தப் பக்கம் எதிர்ப்பு கிளம்பியது.