புல்லும் ஆயுதம்

நுழையும்முன்

பள்ளிகளில் மாணவர்கள் தம் கைகளால் பொருள்களைச் செய்து பார்ப்பதற்கென அமையும் இடத்தை ஆக்கக்கூடம் என்பர். அங்கு இருக்க வேண்டிய கலைப்பொருள்கள் யாவை, அவற்றை எவ்வாறு வைத்தல் வேண்டும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

இயந்திரமும் அட்டையும்

மாணவர்களே! நடுவண் அரசின் அடல் புத்தாக்க இயக்கம் 2016ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. அதன் வழியாக நாடெங்கும் பல பள்ளிகளில் அடல் டிங்கரிங் ஆய்வகங்கள் அமைந்துள்ளன. 6 முதல் 12ஆம் வகுப்பு வரை பயில்வோர்க்கு உரிய அவ்வாய்வகங்களில் முப்பரிமாண அச்சுப்பொறி, உணரிகள், மின்னணுக் கருவிகள் முதலியன உள்ளன.

இவை பயனுடையவையே. எனினும், அச்சுப்பொறி ஒன்றாகவும் மாணவர் நாற்பதின்மராகவும் இருப்பின், பலர் பார்வையாளராகவே நின்றுவிடுவர். விலையுயர்ந்த பொருளைத் தொடுவதற்குக் கை தயங்கும். பழுதாகிவிடுமோ என்னும் அச்சமே அதற்குக் காரணம். அட்டையோ அவ்வாறன்று. ஒருமுறை தவறாக வெட்டினால் மற்றொன்றை எடுத்து மீண்டும் வெட்டலாம். தவறு செய்வதற்கு இடம் தரும் பொருளே தொடக்கநிலை மாணவர்க்கு ஏற்ற பொருளாகும்.

தீக்குச்சி கற்பித்த பாடம்

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பொறியியல் பயின்றவர் அர்விந்த் குப்தா. மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 1972இல் தொடங்கப்பெற்ற அறிவியல் கற்பித்தல் திட்டத்தில், 1978இல் அவர் பணியாற்றினார். சிற்றூர்ப் பள்ளிகளில் விலையுயர்ந்த கருவிகள் இல்லை. எனவே, தீக்குச்சிகளையும் மிதிவண்டியின் வால்வு ட்யூபையும் கொண்டு அவர் வடிவங்களை உருவாக்கினார். 2018இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பெற்றது.

அம்முறையை நீங்களும் செய்து பார்க்கலாம். மருந்து நீக்கிய தீக்குச்சிகளை வால்வு ட்யூபின் சிறு துண்டுகளால் இணையுங்கள். நான்கு குச்சிகளாலான சதுரத்தை ஒரு மூலையில் அழுத்தினால், அது சாய்சதுரமாகச் சரியும். மூன்று குச்சிகளாலான முக்கோணத்தை அழுத்தினால், அதன் வடிவம் மாறாது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் கோணங்களும் மாறா என்பதே காரணம். இருப்புப்பாதைப் பாலங்களின் சட்டங்களில் முக்கோணங்கள் நிறைந்திருப்பது இதனாலேயாகும்.

பொருளின் இயல்பு அறிதல்

ஒவ்வொரு பொருளும் தன் இயல்பைக் கைக்கு உணர்த்தும். நெளி அட்டையில் இரு தாள்களுக்கிடையே அலைபோன்ற தாள் உள்ளது. அவ்வலையின் கோட்டை ஒட்டி மடித்தால் எளிதில் மடியும், குறுக்கே மடித்தால் எதிர்க்கும். வெள்ளைப் பசை நீரை இழந்து இறுகுவது. ஆதலால், தாளையும் மரத்தையும் நன்கு ஒட்டும், வழவழப்பான நெகிழியில் நன்கு பற்றாது. களிமண் உலரும்போது சுருங்கும். வெயிலில் விரைந்து உலர்த்தினால் வெடிக்கும்.

பொருள்களைத் தேர்வதற்கு ஊரின் வளமும் துணைபுரியும். அசாமில் மூங்கில் மிகுதி. வங்கத்தின் கிருஷ்ணநகர் களிமண் பொம்மைகளுக்கும், கர்நாடகத்தின் சென்னபட்டணம் அரக்கு வண்ணம் பூசிய மரப்பொம்மைகளுக்கும் புகழ்பெற்றவை. நீங்கள் வாழும் ஊரில் எளிதாகக் கிடைப்பது எதுவோ அதுவே உங்கள் ஆக்கக்கூடத்தின் முதற்பொருள் ஆகட்டும்.

எட்டும் தொலைவில்

பூட்டிய அலமாரியிலுள்ள வண்ணங்களால் எவர்க்கும் பயனில்லை. தாள், அட்டை, நூல், துணித்துண்டு, பொத்தான், வண்ணம், தூரிகை ஆகியவற்றைச் சிறுவர் கைக்கு எட்டும் திறந்த தட்டுகளில், பெயர்ச்சீட்டு ஒட்டி வைத்தல் வேண்டும். கூரிய கத்தியும் சூடான பசைக்கருவியும் மட்டும் ஆசிரியர் பார்வையில் இருத்தல் வேண்டும். வெட்டி எஞ்சிய துண்டுகளுக்குத் தனிப்பெட்டி தேவை. ஒருவர் கழித்தது மற்றொருவர்க்கு உதவும்.

இயந்திரம் ஆண்டுகள் பல நிற்கும். பசையும் தாளும் தீர்ந்துபோகும். பசை தீர்ந்த நாளில் பணியும் நின்றுவிடும். எனவே, மாணவர் இருவர் வாரந்தோறும் இருப்பை எண்ணிப் பதிவேட்டில் குறித்துவருதல் நன்று.

‘வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்’ என்பது நம் பழமொழி. ஆனால், வல்லவராய்ப் பிறப்பார் எவருமிலர். புல்லைக் கையில் எடுத்துப் பன்முறை முயன்றவரே வல்லவர் ஆகின்றனர். அப்புல்லைக் கைக்கு எட்டும் இடத்தில் வைப்பது பள்ளியின் கடமையாகும்.

சொல்லும் பொருளும்

உணரி – வெப்பம், ஒளி முதலியவற்றை உணரும் கருவி
நெகிழி – பிளாஸ்டிக்
இருப்பு – கைவசம் உள்ள அளவு

பயிற்சி

1. விலையுயர்ந்த பொருளைத் தொட மாணவர் தயங்குவது ஏன்?
2. சதுரம் சரிவதற்கும் முக்கோணம் சரியாமைக்கும் காரணம் கூறுக.
3. நீங்கள் வாழும் ஊரில் எளிதாகக் கிடைக்கும் ஐந்து பொருள்களைப் பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றைக் கொண்டு செய்யத்தக்கதைப் பத்து வரிகளில் எழுதுக.