செல்வத்தின் பயன்: கிறித்தவ வேதம் காட்டும் நெறி



செல்வம் இறைவன் வழங்கும் ஆசியா, அன்றி ஆன்மாவைச் சிக்கவைக்கும் கண்ணியா என்னும் வினா எல்லாச் சமயத்தாரையும் கலக்கிய வினாவாகும். முருகன் கோயிலாற் பெயர்பெற்ற சித்தாண்டியிலும் அது கேட்கப்படும்; மட்டக்களப்பு நகரத்துத் தேவாலயங்களிலும் கேட்கப்படும். கிறித்தவருக்கு இதன் விடை எளிதன்று. அவர்தம் வேதாகமமே இருவகையாகப் பேசுவதுபோலத் தோன்றுவதே அதற்குக் காரணம்.

உபாகமம் என்னும் நூலிலே, கட்டளைகளைக் கைக்கொள்வோர்க்கு நிலமும் மந்தையும் தானியமும் பெருகும் எனக் கூறப்படுகின்றது. அந்நூலின் எட்டாம் அதிகாரமோ, நல்ல வீடு கட்டி, மந்தை பெருகி, வயிறு நிறைந்தபின், இஃதெல்லாம் தன் கைவலிமையால் வந்ததென எண்ணிவிடாதே என எச்சரிக்கின்றது. எபிரேய மொழியிலே சாலோம் என்றொரு சொல் உண்டு. சமாதானம் என நாம் அதனை மொழிபெயர்ப்போம். உடல்நலம், குறைவின்மை, அயலாரோடு இணக்கம் ஆகிய யாவும் அச்சொல்லில் அடங்கும். ஒருவன் தன் பெட்டகத்துள் வைத்துப் பூட்டக்கூடிய வாழ்வன்று அது.

லேவியராகமத்து விதியொன்று நமது போடியார்மாருக்கும் வயற்காரருக்கும் உடனே விளங்கும். அறுவடையின்போது வயலின் ஓரத்தை முற்றாக அறுத்தலாகாது. சிந்திய கதிரைப் பொறுக்குதலுமாகாது. அவை ஏழைக்கும் அந்நியனுக்கும் உரியவை. இதனை அச்சட்டம் தருமம் என்று கூறவில்லை என்பது நோக்கத்தக்கது. அக்கதிர்மீது நிலக்காரனுக்கு உரிமையே இல்லை. மோவாப் தேசத்துக் கைம்பெண்ணாகிய ரூத் இவ்விதியின் வழியேதான் போவாசின் வயலிற் கதிர் பொறுக்கினாள். அவளுடைய மரபிலேயே தாவீது மன்னன் பிறந்தான்.

இயேசு கூறிய செல்வனின் கதை லூக்காவின் பன்னிரண்டாம் அதிகாரத்தில் உள்ளது. விளைச்சல் பெருகிற்று, களஞ்சியங்களை இடித்துப் பெரிதாகக் கட்டத் துணிந்தான், அன்றிரவே உயிர் நீங்கிற்று. அவன் களவு செய்தான் என்றோ கூலியைக் குறைத்தான் என்றோ கதை சொல்லவில்லை. அவன் பேச்சைக் கவனியுங்கள்: என் விளைவு, என் களஞ்சியம், என் ஆத்துமா! வேறொரு மனிதனின் நிழல்கூட அப்பேச்சில் விழவில்லை. கூலியைப் பிடித்துவைத்தவருக்கு யாக்கோபின் நிருபம் தனியாக விடை கூறுகின்றது. அறுத்தவரின் கூக்குரல் கடவுளின் செவிக்கு எட்டிவிட்டதென்கிறது.

அப்படியாயின் செல்வம் எதற்கு? மட்டக்களப்பின் சரித்திரமே ஒரு விடை தருகின்றது. வேல்சு நாட்டுச் செல்வரான தோமஸ் கோக் என்னும் மெதடிஸ்த குருவானவர், இலங்கைக்குத் தொண்டரை அனுப்பப் பொருளில்லையென அவருடைய சபை 1813-இல் தயங்கியபோது, தமது சொந்தப் பொருளிலிருந்து ஆறாயிரம் பவுண்வரை தாமே பொறுப்பதாக முன்வந்தார். அப்பொழுது அவருக்கு ஏறத்தாழ அறுபத்தாறு வயது. கப்பலேறியவர் இலங்கையைக் காணவேயில்லை. 1814 மே 3-ஆம் நாள் நடுக்கடலில் உயிர்நீத்தார். பம்பாயில் இறங்கிய இளந்தொண்டர்கள் பொருளுதவியின்றித் திகைத்து நிற்க, அங்கிருந்த ஆங்கிலேயர் ஒருவர் கடனுதவினார். அவருடைய பெயர் மணி. ஆங்கிலத்தில் அது பணத்தையே குறிக்கும்! அத்தொண்டருள் ஒருவரான வில்லியம் ஓல்ட், பிரயாணத்திலே மனைவியை இழந்து, தனியராய் மட்டக்களப்பை அடைந்தார். பாடசாலைப் பணியைத் தொடங்கினார். 1815-இல் இங்கேயே மறைந்தார். அந்த 1814-ஆம் ஆண்டையே மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் தொடக்க ஆண்டாகக் கொண்டுள்ளது.

கோக்கின் ஆசானாகிய யோன் வெஸ்லி, இயன்றவரை ஈட்டுக, இயன்றவரை சேமிக்க, இயன்றவரை கொடுக்க என்னும் கருத்தைப் போதித்தவர். முதலிரண்டையும் மாத்திரம் கைக்கொண்டு மூன்றாவதை மறப்போர் எக்காலத்தும் மிகுதி.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவிலிருந்து பரவிய வேறொரு போதனை இன்று நம்மிடையிலும் ஒலிக்கின்றது. விசுவாசம் இருந்தால் செல்வமும் சுகமும் நிச்சயம். காணிக்கையை விதைத்தால் பன்மடங்காக அறுக்கலாம் என்பது அதன் சாரம். நோயாளி குணமடையாவிடில் அவனது விசுவாசமே குறைவு என்பதும் இதனின்றே பிறக்கும். இது கொடிய தீர்ப்பென்பதே என் துணிபு. 1978 நவம்பரிற் சூறாவளி வீசியபோதும், 2004 டிசம்பர் 26-இற் கடல் பொங்கியபோதும், 2011 சனவரியில் வெள்ளம் வயல்களை மூடியபோதும், இழந்தவர் பக்தியிற் குறைந்தவரா, தப்பியவர் மிகுந்தவரா? 2019-ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று சீயோன் தேவாலயத்தில் மாண்ட சிறுவருக்கு எவர் விசுவாசக் குறை கூறுவார்? யோபுவின் நண்பர்கள் இத்தகைய தீர்ப்பைத்தான் கூறினர். அந்நூலின் முடிவிலே கடவுளின் சினம் அவர்கள்மீதே மூண்டது.

நகையை அடகுவைத்துக் காணிக்கை கொடுக்கத் துணியும் குடும்பத்தார், பவுலடியார் பணம் திரட்டிய முறையைப் படித்துப் பார்த்தல் நன்று. எருசலேமின் ஏழைகளுக்காகவே அவர் திரட்டினார். இல்லாததைக் கொடுக்குமாறு எவரையும் கேட்கவில்லை. உள்ளதற்கேற்பக் கொடுத்தாற் போதும் என்றார். திரண்ட தொகையைத் தாம் ஒருவராகவே கையாளவும் அவர் இசையவில்லை. எவரும் குறைகூற இடமின்றி, சபைகள் தெரிந்தெடுத்த ஒருவரையும் அக்காரியத்தில் உடன் சேர்த்துக்கொண்டார்.