கன்னம் வலித்தால் சைனஸா?

தலைபாரம், கண்ணுக்குக் கீழே குத்தல், குனிந்தால் நெற்றியில் விண்விண் என்று தெறிப்பு. இவை சேர்ந்தால் போதும், மருத்துவரைப் பார்க்கும் முன்பே வீட்டில் நோய்க்குப் பெயர் வைத்துவிடுகிறோம்: சைனஸ். நொச்சி ஆவி, சுக்குப் பத்து, மருந்துக்கடை மாத்திரை என்று வைத்தியமும் தொடங்கிவிடும்.

பல நேரங்களில் அது சைனஸே இல்லை. சைனஸ் தலைவலி என்று தாமாக நம்பியவர்களும் மருத்துவர் சொல்லக் கேட்டவர்களுமாக 2,991 பேரை ஆராய்ந்து, 2004-இல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியானது. அவர்களில் 88 சதவீதம் பேரின் அறிகுறிகள் ஒற்றைத் தலைவலிக்கே பொருந்தின. நெற்றி, கன்னம், மேல்பல், மூக்கின் உட்புறம் எல்லாவற்றுக்கும் உணர்வு தருவது முக்கிளை நரம்பு. ஒற்றைத் தலைவலியில் அது தூண்டப்படும்போது மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் வரும். யாராக இருந்தாலும் ஏமாறத்தான் செய்வார்கள்.

கன்னப் பகுதி எலும்புக்குள் இருக்கும் சைனஸ் என்னும் காற்றறையின் அமைப்பே விசித்திரமானது. அதன் வாசல் மேலே இருக்கிறது. தொட்டியின் விளிம்பருகே வடிகால் வைத்ததுபோல. கட்டிய கொத்தனாரைக் கேட்கவா முடியும்! நுண்ணிய மயிரிழைகள்தான் சளியை ஓயாமல் மேல்நோக்கித் தள்ளுகின்றன. தலைவலி ஆய்வாளர் ஹரால்ட் வூல்ஃப் குழுவினர் 1943-இல் வெளியிட்ட சோதனையில், சைனஸின் உட்சுவரைத் தொட்டபோது பெரிதாக வலிக்கவில்லை. வாசலைத் தொட்டபோதுதான் சுரீர் என்றது. மூக்கில் சதை வளர்ந்து சைனஸ் முழுக்க அடைத்திருக்கும் பலர் வலியே இல்லாமல் நடமாடுகிறார்கள். சி.டி. ஸ்கேனில் தெரியும் அடைப்பின் அளவுக்கும் வலிக்கும் பொருத்தம் இருப்பதில்லை.

எனவே நாள்பட்ட சைனஸ் நோய் என்று சொல்ல முகவலி மட்டும் போதாது. மூக்கடைப்போ சளி ஒழுக்கோ கட்டாயம் இருக்க வேண்டும், அதுவும் 12 வாரங்களுக்கு மேல். ரசத்தின் மணம் தெரியாமல் போவது இன்னொரு வலுவான தடயம். சைனஸ் நோயில் முகம் பெரும்பாலும் கனக்கும், அழுத்தும். வாந்தி வருவது போலிருந்து, வெளிச்சமும் பிடிக்காமல் சில மணி நேரம் படுக்கவைக்கும் வலி என்றால் சந்தேகம் ஒற்றைத் தலைவலியின் மீது திரும்ப வேண்டும். அதற்கு ஆன்டிபயாடிக் விழுங்கிப் பயனில்லை.

ஒரு பக்க மூக்கில் மட்டும் நாற்றத்துடன் சளி வந்தால் பல் மருத்துவரையும் பாருங்கள். மேல் கடைவாய்ப் பல்லின் வேர் சைனஸின் தரையை ஒட்டியே இருப்பதால், சொத்தைப் பல்லின் சீழ் அங்கே ஏறிவிடும். கண்ணைச் சுற்றி வீங்கினாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, ஆவி பிடித்துக்கொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.