மருந்துத் துளி எங்கே போகிறது?

கும்பப்பூப் பருவத்தில் ஒரு நாள். வகுப்பில் பரப்பு இழுவிசை பற்றிப் பாடம் நடந்துகொண்டிருந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து நின்றார்.

“சார், எங்க வயல்ல புகையான் விழுந்திருக்கு. அப்பா ரெண்டு தடவை மருந்து அடிச்சாச்சு. பூச்சி அப்படியே இருக்கு. மருந்து கலப்படமா சார்?”

மருந்து நல்லதாகவே இருக்கலாம். ஆனால் அது பூச்சியின் மேல் பட்டதா? தெளிப்பானிலிருந்து கிளம்பிய துளிகள் எங்கே போய்ச் சேர்ந்தன? இது இயற்பியல் கேள்வி. எனவே அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு அந்தத் துளியின் பின்னால் போனோம். நீங்களும் வாருங்கள்.

ஒரு லிட்டரில் எத்தனை துளிகள்?

தெளிப்பானின் நுனியில் இருக்கும் நாசிலைப் பார்த்திருப்பீர்கள். பூச்சிமருந்துக்குப் பெரும்பாலும் பயன்படும் நாசிலின் உள்ளே ஒரு சுழல்தட்டு இருக்கிறது. அழுத்தத்துடன் வரும் நீர் அதில் சுழன்று, சிறு துளை வழியே மெல்லிய கூம்பு வடிவப் படலமாக வெளியேறுகிறது. அந்தப் படலம் கிழிந்து துளிகளாகிறது. எல்லாத் துளிகளும் ஒரே அளவில் இருப்பதில்லை. பெரியதும் சிறியதும் கலந்தே வருகின்றன.

துளியின் குறுக்களவை மைக்ரான் என்ற அலகில் சொல்வார்கள். ஒரு மில்லிமீட்டரை ஆயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு மைக்ரான். ஒரு லிட்டர் நீரை 400 மைக்ரான் துளிகளாக்கினால் ஏறத்தாழ 3 கோடி துளிகள் கிடைக்கும். அதையே 200 மைக்ரானாகச் சிறிதாக்கினால் 24 கோடி. 100 மைக்ரானாக்கினால் 191 கோடி! குறுக்களவு பாதியானால் கன அளவு எட்டில் ஒரு பங்காகிவிடும் என்பதே காரணம்.

அப்படியானால் துளியைச் சிறிதாக்கிக்கொண்டே போகலாமே, அதே மருந்து அதிக இடத்தில் படுமே என்று நீங்கள் நினைக்கலாம். அது ஓரளவு சரியே. ஆனால் துளி சிறிதாகச் சிறிதாக அது காற்றின் வசப்பட்டுவிடுகிறது.

விழும் துளியும் வீசும் காற்றும்

காற்றில் விழும் துளியைப் புவி ஈர்ப்பு கீழே இழுக்கிறது. காற்றின் தடை மேலே தள்ளுகிறது. சிறிது நேரத்தில் இரண்டும் சமமாகிவிட, துளி மாறாத வேகத்தில் இறங்குகிறது. இதை முற்றுத் திசைவேகம் என்கிறோம். பெரிய துளிக்கு இது அதிகம், சிறிய துளிக்கு மிகக் குறைவு.

நாசில் பயிருக்கு மேலே ஒரு மீட்டர் உயரத்தில் இருப்பதாகவும், காற்று மணிக்கு 7 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 2 மீட்டர் அளவில், வீசுவதாகவும் வைத்துக்கொள்வோம். 400 மைக்ரான் துளி முக்கால் விநாடிக்குள் கீழே வந்துவிடும். காற்று அதை ஒன்றேகால் மீட்டர்தான் நகர்த்தும். 200 மைக்ரான் துளி மூன்று மீட்டருக்குள் விழும். 100 மைக்ரான் துளி இறங்க நான்கு விநாடி ஆகும்; எட்டு மீட்டர் தள்ளி விழும். 50 மைக்ரான் துளிக்கு 14 விநாடி, 28 மீட்டர். 20 மைக்ரான் துளியோ 160 மீட்டருக்கும் அப்பால் போய்விடும்!

நாஞ்சில் நாட்டில் எட்டு மீட்டர் என்பது பல இடங்களில் அடுத்தவர் வயல். 160 மீட்டருக்குள் ஒரு தெருவோ குளமோ வந்துவிடலாம். இங்கே பெரும் பண்ணைகள் இல்லை. சிறு சிறு வயல்கள்தான். ஆனால் நூற்றுக்கணக்கான வயல்கள் ஒட்டிக் கிடப்பதால், காற்றைப் பொறுத்தவரை அது ஒரே பெரும் வயல்தான். காற்றுக்கு வரப்பு தெரியாது.

காற்றுக்குப் பெயர்பெற்ற மாவட்டம் நம்முடையது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு புகுவதால்தான் முப்பந்தலில் காற்றாலைகள் வரிசையாக நிற்கின்றன. அந்தக் காற்று வீசும் மாதங்களில்தான் கன்னிப்பூ நெல் வயலில் நிற்கிறது என்பதை மறந்துவிடக் கூடாது.

எப்போது தெளிப்பது?

காற்றே இல்லாத விடியற்காலை நல்லதுதானே என்று கேட்கலாம். அங்கேயும் ஒரு சிக்கல் இருக்கிறது. மேகமில்லாத இரவில் தரை வெப்பத்தை இழந்து குளிர்ந்துவிடுகிறது. தரையை ஒட்டிய காற்றும் குளிர்ந்து கனமாகிறது. மேலே வெப்பக்காற்று, கீழே குளிர்காற்று. இந்த நிலையில் காற்று மேலும் கீழுமாகக் கலக்காது. நுண்துளிகள் புகைபோலப் படிந்து நின்று, மெல்ல நகர்ந்து எங்கோ சேரும். இதை அறியக் கருவி வேண்டாம். அடுப்புப் புகை மேலே எழாமல் கூரை மட்டத்தில் பாய்போல் படர்ந்து கிடந்தால் அது தெளிக்கும் நேரமல்ல.

நண்பகலும் உகந்ததல்ல. அப்போது துளி வழியிலேயே ஆவியாகிவிடுகிறது. 30 டிகிரி வெப்பமும் 50 விழுக்காடு ஈரப்பதமும் உள்ளபோது 100 மைக்ரான் நீர்த்துளியின் ஆயுள் ஏறத்தாழ 16 விநாடி. 50 மைக்ரான் துளிக்கு வெறும் நான்கு விநாடி. அது தரைக்கு இறங்கவோ 14 விநாடி வேண்டும் என்று பார்த்தோம். எனவே பயிரைத் தொடுமுன் நீர் மறைந்து, மருந்து மட்டும் தூசாகி மிதந்து போகும்.

ஆகவே வெயில் ஏறிப் பனி விலகிய காலை வேளையும், வெயில் தாழ்ந்த மாலை வேளையும் ஏற்றவை. இலைகள் இலேசாக அசையும் அளவில் ஒரே திசையில் காற்று இருக்க வேண்டும். காற்று போய்ச் சேரும் பக்கத்து வரப்பில் தொடங்கி, காற்றுக்குக் குறுக்கே நடந்து, காற்று வரும் பக்கமாகப் படிப்படியாக நகர வேண்டும். அப்போது தெளிப்பவர் எப்போதும் மருந்து படாத பகுதியில் இருப்பார்.

தாமரை இலைத் தண்ணீர்

துளி இலையை அடைந்துவிட்டது. இனி ஒட்டுமா? நெல் இலையின் மேல் மெழுகுப் பூச்சும் கண்ணுக்குத் தெரியாத நுண்மேடுகளும் உள்ளன. தாமரை இலையில்போல நீர் இங்கும் முத்தாக உருண்டு ஓடிவிடும். பெரிய துளிகள் பந்துபோல் எம்பிக் குதித்தும் விழுகின்றன. பரப்பு இழுவிசையைக் குறைக்கும் ஒட்டுத் திரவத்தைச் சிறிதளவு கலந்தால் துளி பரவி ஒட்டுகிறது. சோப்பு செய்யும் வேலையும் இதுதான். அளவு மிஞ்சினால் மருந்து இலையிலிருந்து வழிந்து நீரில் கலந்துவிடும்.

புகையான் எங்கே இருக்கிறது?

இப்போது நம் மாணவரின் கேள்விக்கு வருவோம். புகையான் இலை நுனியில் இருப்பதில்லை. நீர்மட்டத்துக்குச் சற்று மேலே, அடித்தூரில் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகிறது. தோகை அடர்ந்த பயிரில் மேலே நின்று தெளித்தால் துளிகள் இலைகளிலேயே தங்கிவிடும். அடியில் உள்ள பூச்சிக்கு ஒன்றும் ஆகாது.

ஆனால் மேலே நடமாடும் சிலந்திக்கு ஆகிவிடும்! சிலந்தியும் மிரிட் நாவாய்ப்பூச்சியும் புகையானைத் தின்னும் நண்பர்கள். அவை மடிந்ததும், இலையுறைக்குள் பத்திரமாக இருந்த புகையான் முட்டைகள் பொரித்து, தடுக்க ஆளின்றிப் பெருகுகின்றன. மருந்து அடித்த பிறகு பூச்சி கூடுவது இதனால்தான். இந்தோனேசியாவில் இதே தொல்லை நாட்டையே உலுக்கியது. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 பூச்சிமருந்துகளைத் தடை செய்து, வயலைக் கவனித்துத் தேவைக்கு மட்டும் தெளிக்க உழவர்களுக்குப் பயிற்சி அளித்தது. மருந்துச் செலவு வெகுவாகக் குறைந்தது. நெல் விளைச்சல் குறையவில்லை.

நம் வேளாண் பல்கலைக்கழகமும் ஒரு கணக்குத் தருகிறது. தூர் ஒன்றுக்கு ஒரு புகையான் இருந்தால் மருந்து தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு புகையான் வரை பொறுத்திருக்கலாம். நடவின்போதே எட்டு அடிக்கு ஒரு அடி பட்டம் விட்டால் காற்றும் வெளிச்சமும் அடித்தூர் வரை போகும். தெளிப்பவருக்கும் வழி கிடைக்கும்.

ஐந்து சென்டில் ஓர் அளவு

மருந்தை “டேங்குக்கு ஒரு மூடி” என்று கலப்பது அளவாகாது. வெறும் தண்ணீரை நிரப்பி, வழக்கமான நடையில் ஐந்து சென்ட் நிலத்தில் தெளித்துப் பாருங்கள் என்று வீட்டில் சொல்லுங்கள். எட்டு லிட்டர் செலவானால், ஏக்கருக்கு அதைப்போல் 20 மடங்கு, அதாவது 160 லிட்டர் ஆகும். ஏக்கருக்கு உரிய மருந்தை அந்த 160 லிட்டருக்குப் பங்கிட வேண்டும். நாசிலின் துளை தேய்ந்திருந்தால் இந்தக் கணக்கு தவறும். புதிய நாசிலைவிட நிமிடத்துக்குப் பத்து விழுக்காடு அதிகமாக நீர் வந்தால் அதை மாற்றிவிட வேண்டும்.

இப்போது ட்ரோன்களும் வந்துவிட்டன. அவற்றால் தெளிப்பதற்கான நடைமுறை விதிகளை மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் வெளியிட்டது. மருந்தைச் சுமந்து சேற்றில் நடக்க வேண்டாம் என்பது பெரிய நன்மை. ஆனால் ட்ரோன் ஏக்கருக்கு ஏறத்தாழ 10 லிட்டர் நீர்தான் தெளிக்கிறது. அதே மருந்து அதில் அடங்கும்போது ஒவ்வொரு துளியும் 16 மடங்கு செறிவாகிறது. அத்துளி வழிதவறினால் கேடும் அதிகம். கருவி புதிதானாலும் காற்றின் விதி மாறவில்லை.

வரப்பைத் தாண்டினால்

கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் முந்திரித் தோட்டங்களின் மேல் 2000ஆம் ஆண்டு வரை பல ஆண்டுகள் ஹெலிகாப்டரிலிருந்து எண்டோசல்ஃபான் தெளித்தார்கள். தோட்டத்தைச் சுற்றியிருந்த ஊர்களில் பிறவிக் குறைகளும் நோய்களும் பெருகியதாக மக்கள் போராடினார்கள். 2011இல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்தை நாடு முழுவதும் தடை செய்தது.

நம் வயல்களுக்கு நடுவிலும் காக்க வேண்டியவை உள்ளன. சுசீந்திரம், தேரூர்க் குளங்கள் 2022இல் உலக அளவில் முக்கியமான ராம்சர் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டன. நீர்ப்பறவைகள் இரைதேடுவது அக்குளங்களிலும் அவற்றை ஒட்டிய வயல்களிலும்தான். எல்லாவற்றுக்கும் முன்னால், நாசிலுக்கு மிக அருகில் நிற்பது தெளிக்கும் மனிதர். மருந்துப் பெட்டியில் உள்ள முக்கோணத்தைப் பாருங்கள். சிவப்பு என்றால் மிகக் கொடிய நஞ்சு. பிறகு மஞ்சள், நீலம், பச்சை என நஞ்சு குறைகிறது. பச்சையும் நஞ்சுதான். கையுறை, முகமூடி, முழுக்கைச் சட்டை எதற்கும் வேண்டும்.

செய்து பாருங்கள்

மருந்துத் தெளிப்பானைத் தொடவே வேண்டாம். துணி தேய்க்க நீர் தெளிக்கும் புதிய பிளாஸ்டிக் புட்டி போதும். அதில் மை கலந்த நீரை நிரப்புங்கள். தரையில் வெள்ளைத் தாள்களை வரிசையாகப் பரப்பி, ஒரு மீட்டர் உயரத்திலிருந்து ஒருமுறை தெளியுங்கள். பிறகு மின்விசிறியைப் பக்கத்தில் ஓடவிட்டு, புதுத் தாள்களின் மேல் மீண்டும் தெளியுங்கள். பெரிய புள்ளிகள் எங்கே விழுந்தன, சிறிய புள்ளிகள் எவ்வளவு தூரம் போயின என்று அளந்து எழுதுங்கள்.

அந்த வாரச் சனிக்கிழமை மாணவரின் வயலுக்குப் போனேன். அவரும் அவர் அப்பாவும் நானுமாக இருபது குத்துகளை விலக்கி எண்ணினோம். கிழக்குப் பாதியில் தூருக்கு நான்கைந்து புகையான். மேற்கில் ஒன்றுக்கும் குறைவு, சிலந்தியும் கண்ணில் பட்டது. அவர் அப்பா தண்ணீரை வடித்துவிட்டு, கிழக்குப் பாதிக்கு மட்டும், நாசிலைத் தாழ்த்தி அடித்தூரில் படும்படி தெளித்தார். கிழக்கே சில இடங்கள் வட்டமாகக் காய்ந்தது காய்ந்ததுதான். மேற்குப் பாதிக்கு அந்தப் பூவில் மூன்றாவது மருந்து தேவைப்படவில்லை.